எஸ்தான்சியா வெள்ளைக்காரி

மார்ச் 4

தேசியப் பெண்கள் கால்பந்து முகாமின் வாசலில் நிற்கும் காவலாளி இன்றைக்கும் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசினார். "குட் மார்னிங் மேடம், வெல்கம் டு பிலிப்பைன்ஸ்!" நான் இந்த முகாமுக்கு வந்து வாரக்கணக்கில் ஆகிறது. மனிதர் தினமும் வரவேற்கிறார்.

நான் பிறந்தது, வளர்ந்தது, அம்மாவோடு சந்தையில் கருவாடு விற்றது எல்லாம் இலோய்லோ மாகாணத்து மீன்பிடி ஊரான எஸ்தான்சியாவில். விமானத்தில் ஏறியதே கிடையாது. மணிலாவுக்குக் கப்பலில் வந்தேன், அதுவும் வழியெல்லாம் வாந்தி. பெயர் ஜெனலின் கெல்வெசோன். பெயரில் குறையில்லை. முகம்தான் நார்வே. கப்பல் இஞ்சினியராக வந்துபோன அப்பா எனக்கென்று விட்டுப்போனது இந்த மூக்கும், வைக்கோல் நிற முடியும், உயரமும்தான். கோல் கீப்பருக்கு உயரம் உதவுகிறது. மூக்கு வெயிலில் உரிகிறது, அவ்வளவுதான்.

என் பின்னாலேயே அறைத்தோழி கிர்ஸ்டன் வந்தாள். அவளுக்கு அப்பா டென்மார்க்காரர், வளர்ந்ததும் அங்கேதான். ஆனால் அச்சு அசல் அவள் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். குட்டை, மாநிறம், கறுகறுவென்று முடி. காவலாளி அவளிடம் மணிலாப் பேச்சான தகாலோக்கில், "என்ன தங்கச்சி, சாப்டாச்சா?" என்றார். அவள் திருதிருவென்று விழித்தாள். "அவ சாப்ட்டாண்ணே" என்று நான் சொன்னேன். "அடேங்கப்பா! நம்ம பாஷைய நல்லா கத்துக்கிட்டீங்களே மேடம்!"

தலையில் அடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

மார்ச் 9

எனக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். அவளுக்கு டென்மார்க் இங்கிலீஷ். எப்படியோ வண்டி ஓடுகிறது. இன்று கேட்டாள்: "இங்க எதைக் கேட்டாலும் ஏன் எல்லாரும் என்னைப் பாத்து ஆச்சரியப்படுறாங்க?" எனக்கு விளங்கவில்லை. புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். விழுந்து விழுந்து சிரித்தேன். "பைத்தியம், அது ஆச்சரியம் இல்லடி. ஆமாம்னு அர்த்தம். உங்கிட்ட யாராவது தகாலோக்ல பேசினா நீயும் புருவத்தைத் தூக்கிடு. பாதிப் பேச்சை அதுலயே ஓட்டிடலாம்."

குரு ஆகிவிட்டேன்.

மார்ச் 13

சாப்பாட்டுக் கூடத்தில் ரேடியோ. கால்பந்துச் சங்கத்தின் உபதலைவர் எர்மோ ஐயா பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். "அணி முழுக்க இறக்குமதிச் சரக்கு. போகட்டும். கோல் கீப்பராவது நம்ம ரத்தமா இருக்க வேணாமா?"

கூடமே என்னைப் பார்த்தது. கேப்டன் ஒடெஸா அக்கா எழுந்து ரேடியோவை அணைத்தார். "அவரோட தாத்தா ஸ்பெயின்காரரு. ஆத்தா சீனாக்காரி. அவருகிட்ட சுத்த உள்ளூர்ச் சரக்குன்னா அந்தத் தொப்பை ஒண்ணுதான்" என்றார். சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. இந்த மாதக் கடைசியில் அணியை அறிவிப்பார்கள். கீப்பருக்குப் போட்டியில் நானும் இன்னொருத்தியும். அவளும் நன்றாகத்தான் ஆடுகிறாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பந்தாட்டத்தினால் தோற்றால் தாங்குவேன். மூக்கினால் தோற்பதா?

மார்ச் 17

எர்மோ ஐயா மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். எங்களை ஒரு பார்வை பார்த்தார், பிரித்துவிட்டார். நான் 'வெளிநாட்டுப் பிள்ளைகள்' மேசைக்கு. கிர்ஸ்டன் அவர் பக்கத்து நாற்காலிக்கு!

"எந்தப் பக்கம்மா நீ? தெற்கா?" தகாலோக்கில் கேட்டார். கிர்ஸ்டனின் புருவம் மேலே போனது. "விவசாயக் குடும்பமா?" புருவம். "சனிக்கிழமை எம் பொறந்தநாளு. நீ வந்து நம்ம ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடணும், என்ன?" புருவம், கூடவே ஒரு புன்னகை வேறு.

ஐயா உருகிப் போனார். "பாத்தீங்களா? வாயத் திறந்து ஒரு வார்த்தை அதிகமாப் பேசினாளா? இதுதான்யா நம்ம பொண்ணு!"

நான் கோழிக்கறியை முறைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18

புருவத்தாலேயே அவள் பாட்டுக்கு ஒப்புக்கொண்ட விஷயத்தைச் சொன்னேன். கிர்ஸ்டன் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மார்ச் 21

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

எர்மோ ஐயா வீட்டில் முழுப்பன்றி ரோஸ்ட், மலை மாதிரி பன்சித் நூடுல்ஸ், கரோக்கி பெட்டி. மைக்கைக் கிர்ஸ்டன் கையில் திணித்தார்கள். அவளோ என் சட்டையை இறுகப் பிடித்தாள். சரி, குரு செய்த பாவம் குருவே தீர்க்கட்டும் என்று பக்கத்தில் போய் நின்று நானே பாடினேன். எங்கள் பக்கத்து மொழியான இலொங்கோவில் ஒரு பாட்டு, வலை இழுக்கும்போது பாடுவது. அவள் சும்மா வாயசைத்தாள். சமையற்கட்டிலிருந்து ஒரு அம்மாள் கரண்டியோடு வெளியே வந்து கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டாள், அவளும் இலோய்லோ பக்கமாம்.

ஒரே கைதட்டல். எர்மோ ஐயா என் தோளில் தட்டினார். "பிரமாதம்! எத்தனை மாசமாச்சும்மா இங்க வந்து?"

"இருபத்திரண்டு வருஷமாச்சு ஐயா. எங்கம்மா வயித்துல இருந்ததையும் சேத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம்."

ஒடெஸா அக்காவுக்குப் பன்சித் புரையேறியது. ஐயா மெதுவாகக் கிர்ஸ்டன் பக்கம் திரும்பினார். "அப்ப... இந்தப் பொண்ணுதான் வெளிநாடா?"

கிர்ஸ்டன் புருவத்தைத் தூக்கினாள்.

மார்ச் 22

நேற்றைய சிரிப்பெல்லாம் போச்சு. ஐயா இன்று கோச் டெல்ஃபினுக்குப் போன் பண்ணியிருக்கிறார். "அந்தப் பொண்ணு உள்ளூராவே இருக்கட்டும். டிவில பாக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? முகம்னு ஒண்ணு இருக்குல்ல?" கோச் இதை என்னிடம் மறைக்கவில்லை. எதிரே உட்கார்த்தி வைத்துச் சொன்னார்.

அப்ப நான் என்னதான் செய்யணும்? பொறந்தாச்சு, பாடியாச்சு, இன்னும் என்ன — தோலை உரிச்சுத் தரணுமா? பாவம் கிர்ஸ்டன், அவளையும் நேத்திலிருந்து யாரும் 'தங்கச்சி'ன்னு கூப்பிடல. அவ செஞ்ச தப்பு என்ன?

அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "எம் மூஞ்சிய என்னம்மா பண்றது?"

"கழுவு" என்றாள். "கழுவிட்டுத் தூங்கு. பெத்தவ நான் இருக்கேன், அந்த ஐயாவுக்கு சந்தேகம்னா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. கருவாட்டுக் கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க."

மார்ச் 28

இருக்கிறேன்! முதல் கீப்பர்! கிர்ஸ்டனும் இருக்கிறாள், எனக்கு முன்னால் தடுப்பாட்டத்தில். சங்கத்திலிருந்து மறுபடி போன் வந்ததாம். கோச் சொன்ன பதிலை அலுவலகமே கேட்டிருக்கிறது: "எனக்குப் பந்தைப் பிடிக்கிற ஆள் வேணும் சார். ரத்தம் பாக்கிறதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு."

மனிதருக்கு வேலை போகாமல் இருக்க வேண்டும், ஆண்டவரே.

ஏப்ரல் 11

வியட்நாமோடு ஆட்டம், சொந்த மண்ணில். இடைவேளைக்குப் பிறகு நான் நின்ற கோலுக்குப் பின்னால் மலிவு டிக்கெட் கூட்டம். நான் போய் நின்றதுமே ஆரம்பித்தார்கள். "கோ ஹோம்! கோ ஹோம்!" எனக்காக மெனக்கெட்டு இங்கிலீஷ்.

காதில் வாங்காமல் ஆடினேன் என்று எழுத ஆசைதான். வாங்கினேன். அந்த ஆத்திரத்தை எல்லாம் தடுப்பாட்டக்காரிகள் மேல் காட்டினேன், இலொங்கோவில். "ஏய் கிர்ஸ்டன், கண்ண எங்கடி வெச்சிருக்க! அவ உன்னத் தாண்டிப் போறா, நீ வேடிக்கையா பாக்குற!" அவளுக்கு வார்த்தை புரியாது; தொனி நன்றாகப் புரியும். பறந்து போய்த் தடுத்தாள்.

பின்னால் கூச்சல் சட்டென்று குறைந்தது. "அட, இவ நம்ம பக்கத்துப் பேச்சுல்ல பேசுறா?" என்று யாரோ இலொங்கோவிலேயே சொன்னது கேட்டது. அப்புறம் சிரிப்பு.

இரண்டு கோல் முன்னணியில் இருந்தோம். முடிகிற நேரத்தில் ஒரு சாதாரணப் பந்து, குழந்தைகூடப் பிடிக்கும், என் கைக்குள் வந்து நழுவி உள்ளே போய்விட்டது. நான் குப்புறக் கிடந்தேன். எழவே மனசில்லை. இப்போது மொத்த அரங்கமும் 'கோ ஹோம்' சொல்லும் என்று காத்திருந்தேன்.

ஒரே ஒரு பெண் குரல்தான் வந்தது, சுத்தமான இலொங்கோவில். "அடியே நெட்டச்சி! கையில என்ன எண்ணெயா தடவிக்கிட்டு வந்திருக்க? உங்கம்மா சோறு போட்டுத்தானே வளத்தா? எந்திரிடி! எந்திரிச்சு நில்லு!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் மண்ணைத் துப்பிக்கொண்டே சிரித்தேன். எழுந்தேன். அதற்குப் பிறகு ஒன்றையும் உள்ளே விடவில்லை.

ஜெயித்ததை அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அந்த வசவையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா பொங்கிவிட்டாள். "எவடி அவ, எம் பொண்ணத் திட்டுறதுக்கு?"

"யாரோ நம்ம ஊர்க்காரிம்மா" என்றேன்.