இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சத்தியம்

நைட் ஷிப்ட் முடிந்து புருஷன் பூபாலன் வருவதற்குள், அதே கம்பெனிக்குப் பிரபாவதி பஸ் ஏறியாக வேண்டும். அவசரமாகக் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

“பாவா, தோசைமாவு பிரிட்ஜுல கீது. கேஸ்காரர் வருவாரு, தூங்கிடாதே.

இன்னிக்கு யூனியன் ஓட்டு. ‘நானும் என் பொண்டாட்டியும் யூனியன் வேணாம்னுதான் போடுவோம்’னு சூப்பர்வைசர் முன்னாடி, மலைக்கோயில் படியில கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டே. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அன்னியிலேர்ந்து நமக்குள்ள பேச்சும் இல்ல.

ஓட்டு ரகசியம், பாவா. சீட்டுல பேரு கிடையாது. எதுக்குப் போட்டேன்னு கம்பெனியும் கேக்கக் கூடாது, யூனியனும் கேக்கக் கூடாது.”

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அடியில் நெருக்கி எழுதினாள்:

“நீயும் கேக்கக் கூடாதுதான். ஆனா கேளு. அதுக்காகவாவது என்கூட பேசு.”