வெவரமான பொண்ணு

தை, ஞாயிறு

ஊரப்பாக்கத்திலிருந்து என் மகள் செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். காபியைக் கொடுத்த கையோடு, "கல்யாணத்துக்கு அப்புறமும் நாவலூர் வேலைக்குப் போவேன், உங்களுக்குச் சம்மதமா?" என்று மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டாள்.

"பொண்ணு ரொம்ப வெவரமா கீதே" என்றார் அவன் அம்மா. எங்கள் பக்கம் பையனுக்குத்தான் அது பாராட்டு. பெண்ணைச் சொன்னால் அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். "அவளுக்கு ஒண்ணுந்தெரியாதுங்க" என்று அவசரமாகச் சொல்லிவைத்தேன். செல்வி என்னை முறைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அம்மா போன் செய்தார். "வெவரமா கீதுன்னுதாங்க எனக்குப் புடிச்சதே. நீங்க ஏன் அப்டி சொன்னீங்க?"

சந்தோஷத்தில் செல்வியிடம் ஓடினேன். அவள் துள்ளவில்லை.

"கேட்டதுக்கு அவரு இன்னும் பதிலே சொல்லலியேம்மா. சொல்லட்டும், பாக்கலாம்."

"நீ வெவரந்தாண்டி" என்றேன். இந்தமுறை முறைக்கவில்லை.