பெயர் எழுதாமல் விட்ட தழை

திருத்தணி
9-8-1976

செல்வ மகள் சுலோச்சனாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் உடம்புக்குச் சௌக்கியம். குழந்தை அம்மு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் மனசுக்கும் சௌக்கியம்.

குழந்தைக்கு இருமல், என்ன தழை கொடுப்பது என்று நீ கேட்டதற்கு, பெயரை எழுதாமல் தடித்த இலை, ஓரம் பல்பல்லாக இருக்கும் என்று எழுதினேனே, என்னைப் போல ஒரு மடச்சி உண்டா? அதை நம்பி நீ பிலாயில் யார் வீட்டுத் தொட்டியிலோ இருந்த அழகுச்செடியைப் பறித்துச் சாறு கொடுக்க, குழந்தை இரண்டு நாள் வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டாளாமே. பாவி நான். அந்தப் பெயரில் உன் ஆயாவின் பெயர் வருகிறது, மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து இருமல்தழை என்றே சொல்லி உன்னையும் அப்படியே வளர்த்துவிட்டேன், திருவள்ளூர் கோயிலில்கூடத் தாயார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறவள். எதிர்வீட்டு அம்சா தெலுங்கில் வாமாக்கு என்பாள், ஓம இலை என்று அர்த்தம், அதையாவது எழுதினேனா? கசக்கினால் ஓம வாசனை அடிக்கும் என்று ஒரு வரி? அதுவும் இல்லை.

நைனாவிடம் சொல்லி அழுதேன். எங்கம்மா இருந்திருந்தா, கொழந்த இருமிக்கினு கெடக்கும்போது பேர பாத்துக்கினா இருப்பா, அவளே கூவி சொல்லியிருப்பா என்றார். அதனால் எழுதுகிறேன், கற்பூரவல்லி. கற்பூரம் போல மணக்கும், வல்லி என்றால் கொடி. ஓமவல்லி என்பதும் இதுதான். உன் ஆயா கனகவல்லி, திருவள்ளூர்த் தாயாரின் பெயர்தான். உங்கள் ஸ்டீல் பிளாண்டில் வேலை செய்யும் நம் தெரு வேணு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறான், நாலு தண்டு ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன், மண்ணில் குத்தினால் பிடித்துக்கொள்ளும். இலையை மாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம், தேங்காய் வைத்துத் துவையல் அரைக்கலாம். குழந்தைக்கு மட்டும் இப்போது டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் வேணு சொன்னான், லீவுக்குக் கிளம்புமுன் உங்கள் வீட்டுக்கு வந்தபோது காதில் விழுந்ததாம், நீ எழுதாமல் மறைத்தது. பேர் தெரியாத தழையக் கொழந்தைக்குக் குடுக்கச் சொன்னது யாரு, உங்க அம்மாவா என்று மாப்பிள்ளை கத்தினபோது, அம்மா சரியாத்தான் எழுதினாங்க, நான்தான் தப்பா பறிச்சிட்டேன் என்றாயாமே.

தணிகைமலையான் உங்கள் மூவரையும் காப்பான். மறக்காமல் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் கொடு, கிழித்துப் போடாதே. நீ வாங்கிக்கொண்டது எனக்கு வரவேண்டிய திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
வரலட்சுமி