பதினோரு அடி

மார்ச் 6, 2023, திங்கள்

வீட்டுக் காப்பகத்துக்கு ஐந்து குழந்தைகளும் வந்தார்கள். மூன்று பேருக்குச் சளி. கைக்குட்டை துவைத்தே பொழுது போயிற்று.

சாயங்காலம் தம்பி ஜில் வந்தான். பால்பண்ணை பூட்ஸோடு அடுக்களைக்குள் வராதே என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. கையில், கஞ்சாவைச் சட்டம் அனுமதித்த பிறகு நகராட்சி போட்ட விதிப் புத்தகம், நாற்பத்தாறு பக்கம். இனிப்பு ரொட்டியை மென்றுகொண்டே வாசித்தான். வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம், ஆனால் தெருவில் போகிறவன் கண்ணில் படக்கூடாது. கடையில் விற்கலாம், அங்கேயே புகைக்கக்கூடாது. நடைபாதையிலும் கூடாது, பூங்காவிலும் கூடாது. பின்னே வாங்கினவன் எங்கே போய்த்தான் பிடிப்பான்? ஜில்லுக்கும் தெரியவில்லை.

ஊருக்கு இரண்டே கடைக்குத்தான் அனுமதியாம். கஞ்சா வழக்கில் முன்பு ஜெயிலுக்குப் போனவர்களுக்கு முதலிடமாம்.

"அன்னிக்கு எதுக்கு உள்ள தூக்கிப் போட்டாங்களோ, இன்னிக்கு அதுக்கே மார்க் போடறாங்க அக்கா" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

மார்ச் 9, வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது?

1998. ஜில் அப்போது என் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தான். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்று, "கொல்லையில் ஏதாவது வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். சீருடைக்காரரிடம் பொய் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். "அத்திமரத்துக்குப் பின்னாடி தம்பி ஏதோ வச்சிருக்கான்" என்றேன். என்ன செடி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவனுக்குப் பதினான்கு மாதம் ஜெயில். யார் சொன்னது என்று அவன் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மார்ச் 14, செவ்வாய்

கால்வாய்க்கு அந்தப் பக்கம், பழைய டயர் கடை இருந்த இடத்தில் கஞ்சாக் கடை வைக்கத்தான் ஜில் விண்ணப்பிக்கிறான். அக்கம்பக்கத்தாரின் ஆதரவுக் கடிதம் வேண்டுமாம். சிலர் கதவையே திறக்கவில்லையாம். என் பின்வீட்டுக்காரர் ஹாஸ்கல் எதிர்மனுவே போட்டுவிட்டார். வாயைத் திறந்தால் ஊரைத் திருத்துகிற மனுஷர் அவர்.

நான் எழுதினேன். நல்ல தாளில் எழுத வேண்டும் என்று, தலைப்பில் கரடிப் படமும் என் குழந்தைகள் காப்பகத்தின் பெயரும் அச்சடித்த தாளை எடுத்தேன். "இந்த முகவரியில் பத்தொன்பது வருடமாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கே ஆட்சேபணை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்க முடியும்?" ஜில் இரண்டு தடவை வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்தான்.

ஒரு பழைய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

மார்ச் 29, புதன்

விண்ணப்பம் நிறுத்திவைப்பு. அறுநூறு அடிக்குள் குழந்தைகள் காப்பகம் இருந்தால் அங்கே கஞ்சாக் கடை கூடாதாம். காப்பகம் இருப்பது எப்படித் தெரிந்தது? "விண்ணப்பதாரரே இணைத்துள்ள ஆதரவுக் கடிதத்தின்படி."

என் கடிதம். என் கரடி.

மார்ச் 30, வியாழன்

இந்தக் கை விளங்குமா?

ஏப்ரல் 3, திங்கள்

குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் நகராட்சிக்கு மூன்று தடவை போன் போட்டேன். முதலில் எடுத்த பெண், வீட்டில் நடத்தும் சின்னக் காப்பகம் கணக்கில் வராது என்றாள். அப்பாடா என்று வைத்தேன். உறுதிப்படுத்திக்கொள்வோமே என்று மறுபடி கூப்பிட்டால் ஒரு ஆள் எடுத்து, கண்டிப்பாக வரும் என்றான். மூன்றாவது தடவை கிடைத்தவர், மாநில விதியில் வராது, நம் ஊர் விதியில் வரும் என்றார். ஒரே குழந்தைகள், ஒரே வீடு. மாநிலத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்றா?

சாலை வழியாகப் போனால் பாலம் சுற்றி அரை மைல் ஆகுமே என்றேன். அப்படி அளக்க மாட்டார்களாம். என் கொல்லை வேலியிலிருந்து அந்த மனையின் எல்லை வரை நேர்க்கோடு. நடுவில் கால்வாய் இருந்தாலும் சரி, மலை இருந்தாலும் சரி. "என்கிட்ட இருக்கற அஞ்சு பிள்ளைகளுக்கும் இன்னும் றெக்கை முளைக்கலைங்க" என்றேன். அவர் கோப்பைப் பார்த்துத் தூரத்தைச் சொன்னார்.

ஐந்நூற்று எண்பத்தொன்பது அடி. பதினோரு அடி குறைகிறது. குறையைச் சரிசெய்ய ஆறு மாதம் தவணை. எதைச் சரிசெய்ய? பூமியை இழுத்து நீட்டவா?

ஏப்ரல் 8, சனி

காப்பகத்தை மூடிவிடுகிறேன் என்று ஜில்லிடம் சொன்னேன். எனக்கும் அறுபத்தொன்று ஆகிறது, போதும் என்றேன். பொய். திங்கட்கிழமை காலையில் அந்த ஐந்தும் "அத்தை" என்று ஓடிவரவில்லை என்றால் எனக்கு என்ன வேலை இந்த வீட்டில்?

கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "நீ மூடினா நான் கடையே வைக்கல. முப்பது வருஷமா மாடு கறந்தேன், இன்னும் பத்து வருஷம் கறந்துட்டுப் போறேன்."

அப்போதுதான் உடைந்தேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அன்றைக்கு வாசலில் சொன்னது நான்தான், இரண்டு தடவையும் உன்னைக் கெடுத்தது நான்தான் என்று ஏதோ உளறினேன்.

அவன் எழுந்துபோய் வண்டியிலிருந்து விண்ணப்பத் தாள்களை எடுத்துவந்தான். ஜெயிலுக்குப் போனதை நிரூபிக்க, பழைய போலீஸ் அறிக்கையையும் அதில் சேர்த்திருக்கிறான். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தான். தகவல் தந்தவர்: இடலினா ஃபுர்டாடோ, சகோதரி.

"இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா என் வீட்ல வந்து சாப்பிட்ட?"

"வேற எங்க போய்ச் சாப்பிடறது?"

அவன் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒன்றும் புரியவில்லை. திட்டியிருந்தால் புரிந்திருக்கும். இத்தனை வருடம் நான் அவனிடம் மறைத்தேனா, அவன் என்னிடம் மறைத்தானா?

ஏப்ரல் 12, புதன்

மதியம் ஒரு மணி நேரத்துக்குக் குழந்தைகளை உதவிக்கு வரும் பெண்ணிடம் விட்டுவிட்டு, நகராட்சித் திட்டப் பிரிவுக்கு நேரில் போனேன். அங்கிருந்த பெண் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வீட்டை நகர்த்த முடியாதுங்க. எல்லைக்கோட்டை நகர்த்தலாம். பின்வீட்டுக்காரர் ஒத்துக்கணும்."

அதாவது என் கொல்லையில் பன்னிரண்டு அடியை ஹாஸ்கல் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், என் நிலம் அங்கேயே முடிந்துவிடும். காப்பகத்தின் எல்லையும் அங்கேயே முடிந்துவிடும். குழந்தைகள் எப்போதும் விளையாடுகிற இடத்திலேயே விளையாடுவார்கள், கடை வருகிற இடத்தில் வரும். ஒன்றும் நகராமலே தூரம் கூடிவிடுமா! இது சட்டமா, கண்கட்டு வித்தையா?

அந்தப் பன்னிரண்டு அடியில்தான் அத்திமரம் நிற்கிறது.

ஏப்ரல் 14, வெள்ளி

ஹாஸ்கலிடம் போனேன். இருபது வருடமாக என் அத்திப்பழம் அவர் பக்கம் விழுந்து அழுகுகிறது என்று சண்டை போட்ட மனுஷர். எதற்கு என்பதை மறைக்கவில்லை. மறைத்துப் பட்டது போதும். கடைக்காகத்தான், தம்பிக்காகத்தான் என்றேன்.

தாடையைச் சொறிந்தார். "மரத்தோடயா?"

"மரத்தோடதான்."

"கஞ்சாக் கடைக்கு நான் எதிரிதான். அதுல மாத்தமில்ல." என் வேலியைப் பார்த்தார். "ஆனா நிலத்துக்கு நான் எதிரி இல்லையே."

எதிர்மனுவை வாபஸ் வாங்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார். எந்த ரகத்தில் சேர்ப்பது இவரை?

அக்டோபர் 10, செவ்வாய்

பத்திரம், சர்வேயர், மறுபடி பத்திரம். செப்டம்பர் கடைசியில் பதிவாகி, தவணையில் கடைசி நேரத்தில் தப்பித்தோம். இன்று புது வேலி. குழந்தைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். மரம் ஏன் அந்த வீட்டுக்குப் போய்விட்டது என்று குட்டி ரோஸ்கோ கேட்டான். மரம் அங்கேயேதான்டா இருக்கிறது என்றேன். நம்பவில்லை. எனக்கும் முழுசாக நம்பிக்கை இல்லை.

ஜில் வேலிக்காரர்களுக்குக் கம்பி பிடித்துக் கொடுத்தான். அன்றைக்குச் செடிகள் இருந்த இடம் வந்ததும் ஒரு நிமிடம் நின்றான். பிறகு அடுத்த கம்பியை எடுத்தான்.

ஆகஸ்ட் 19, 2024, திங்கள்

கடை திறந்து நான்கு மாதம். நான் இன்னும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. போகலாமா, குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள் போகக்கூடாதா? விதிப் புத்தகத்தில் தேடினேன், அகப்படவில்லை.

ஹாஸ்கல் வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் அத்திப்பழம் நீட்டினார். "என் மரத்துப் பழம்" என்று வேறு அழுத்திச் சொன்னார். போகாமல் நின்று, ஜில் கடையில் முழங்கால் வலிக்கு ஏதாவது தைலம் இருக்குமா என்று தரையைப் பார்த்துக் கேட்டார். நேரில் போய்க் கேளுங்கள் என்றேன்.

ராத்திரி எட்டு மணி வரை கடையைத் திறந்து வைக்க நகராட்சியிடம் தனி அனுமதி கேட்க வேண்டுமாம். அதற்கும் அக்கம்பக்கத்தார் கடிதம். ஜில் வந்து பழத்தைத் தின்றுகொண்டே, மேஜைமேல் ஒரு கட்டு வெள்ளைத் தாளை வைத்தான்.

"நீதான் எழுதணும் அக்கா."

"நானா? ரெண்டு தடவை பட்டது போதாதா உனக்கு?"

"இருக்கறத அப்படியே எழுது. கரடி மட்டும் வேணாம்."

எழுதினேன். அவன் வாசித்துப் பார்க்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.