இடம் மாறிய ஐந்தும் ஒன்றும்

மார்ச் 3

மருத்துவமனை முழுக்க இன்டர்காம் எண்களை மாற்றிவிட்டார்கள். புதுப் பட்டியல் இன்னும் வரவில்லை. என் எக்ஸ்ரே அறைக்கு 269.

மதியம் பிசியோதெரபிக்காரர் வாசலில் வந்து நின்றார். "உங்க நம்பர் சொன்னா, பேஷன்ட்டை அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டுக்குவேன்." ஒரு மாதமாக ஏதாவது சாக்குச் சொல்லி தினமும் இரண்டு முறை எட்டிப் பார்க்கிறவர். அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவேனா? பள்ளியில் கணக்கில் புலியாம், அவரே சொல்லிக்கொண்டது. பார்த்துவிடலாம்.

269-க்குத் துணையாக 251-ஐ எடுத்துக்கொண்டேன். இரண்டும் பகா எண்கள். பெருக்கி, எக்ஸ்ரே உறையின் பின்னால் எழுதி நீட்டினேன். "இது ரெண்டே ரெண்டு பகா எண்ணைப் பெருக்கினது. வேற எப்படியும் உடையாது. பெரிய துண்டுதான் என் நம்பர். கால்குலேட்டரைத் தொடக்கூடாது."

முகம் போன போக்கு!

மார்ச் 5

மூன்று, ஏழு, பதினொன்று, எதுவும் மசியவில்லையாம். படியில் மடக்கி, "பதிமூணு?" என்றார். சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

மார்ச் 9

137 வரை வந்துவிட்டாராம். ஒரு பெரியவரை முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லிவிட்டு இவர் வகுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பெரியவர் அறுபது தடவை மடக்கி நீட்டினாராம், பாவம்.

எனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

மார்ச் 12

போச்சு. எல்லாம் போச்சு.

வரவேற்பறை அக்கா ஓடி வந்து சொன்னார். பிசியோ காலையில் 281-ஐ அழைத்திருக்கிறார். எடுத்தது நிர்வாக அதிகாரி அம்மா. அவர் வாயைத் திறப்பதற்குள் இவர், "கண்டுபிடிச்சிட்டேன்! இனிமே தப்பிக்க முடியாது, சாயங்காலம் காபி குடிக்கப் போறோம்" என்றிருக்கிறார். புகார் எழுதியாகிவிட்டது. பிசியோவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. யாருக்குப் போட்ட போன் என்று மூன்று முறை கேட்டும் என் பெயரைச் சொல்லவில்லையாம்.

281 எப்படி வரும்? அவரிடம் போய் உறையை வாங்கிப் பார்த்தேன். 67159. ஐயோ, 67519 அல்லவா எழுதியிருக்க வேண்டும்! ஐந்தையும் ஒன்றையும் மாற்றித் தொலைத்திருக்கிறேன். அந்தப் பாழாய்ப்போன எண்ணும் கச்சிதமாக இரண்டே பகா எண்களாக உடைகிறது: 239, 281. ஐம்பத்திரண்டு பகா எண்களால் வகுத்திருக்கிறார் மனிதர், ஒன்றைக்கூட விடாமல். அவர் கணக்கு சரி. தப்பு என்னுடையது.

நல்லவேளை, சின்னதை அழைக்கவில்லை. 239 பிணவறையாம்.

மார்ச் 13

அதிகாரி அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை எடுத்து 239-ஐ 281-ஆல் பெருக்கினார். பிறகு என்னுடையதை.

"ரெண்டு கணக்கும் சரியாத்தான் இருக்கு. நீதாம்மா சரியில்ல." புகாரைக் கிழித்துக் கூடையில் போட்டார். "இன்னொரு தடவை எனக்குக் காபி போன் வந்துச்சு, ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

வெளியே பிசியோ நின்றிருந்தார். "இருநூத்தி அறுபத்தொம்போது" என்றேன்.

"காபி?"

"அதுக்கு எதுக்கு நம்பர்? வாங்க."

நவம்பர் 20

எங்கள் இரண்டு விடுப்பு விண்ணப்பங்களும் அதிகாரி அம்மா மேசையில். பத்து நாள், அதே தேதிகள். காரணம் என்ற இடத்தில் இரண்டிலும் 'திருமணம்'.

"ஒரே நேரத்துல ரெண்டு பேரும் லீவு போட்டா எப்படி? ஒருத்தராவது டூட்டிக்கு வரக்கூடாதா?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.