கவாத்துக்கு இடம் தராத கல்லூரி

1917, ஆடி மாதம், செவ்வாய்.

இன்று கல்லூரிக்கு ஒரு ராணுவ அதிகாரி வந்தார். யுத்தத்துக்கு ஆள் சேர்க்கிறார்களாம். எங்கள் மைதானத்தில் மாணவர்களுக்குத் துப்பாக்கி பிடித்து அணிவகுக்கும் கவாத்துப் பழக்க வேண்டும் என்றார். எங்கள் வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரை மறுத்துவிட்டார். அவருடைய மெனோனைட் கிறிஸ்தவ சபையார் ஆயுதம் தொடுவதில்லை.

“அப்படியானால் கல்லூரிக்குச் சர்க்கார் அங்கீகாரம் போய்விடும்” என்ற அதிகாரி, கணக்கு ஆசிரியனான என் பக்கம் திரும்பினார். “நீர் இந்துதானே? கவாத்தை நீர் நடத்தும். பிரின்சிபால் நாற்காலி உமக்கு.”

துரை ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். இங்கே பாலிகஞ்ச் பேட்டையில் ஒரு வாடகை வீட்டில், நாலைந்து பிள்ளைகளோடு இந்தக் கல்லூரியை ஆரம்பித்தவர் அவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“என்னால் முடியாது” என்றேன். அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி ருக்மிணியிடம் சொன்னேன்.

“அவா மதம் அவாளுக்கு. உங்களுக்கு என்ன வந்தது?” என்றாள்.

“சண்டைக்குப் போகப்போறது நான் கணக்குச் சொல்லித் தர்ற பசங்கடீ.”

விளக்குத் திரியைத் தணித்தாள். பிறகு, “நாளைக்குக் காலேஜ் உண்டோ?” என்று கேட்டாள்.

“மூடற வரைக்கும் உண்டு” என்றேன்.

அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.