டம்ளரில் கரையாத உரம்

அக்கா,

இன்று காலை வடக்கு மூலையில் களை கொத்திக்கொண்டிருந்தேன். கொத்தியெடுத்த மண்ணோடு ஏழெட்டு உருண்டைகள் வந்தன. கடுகைவிடப் பெரியவை, மிளகைவிடச் சிறியவை. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது, தோல் விரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே வேறெதுவும் இல்லை. நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் உங்கள் கையால் போட்ட உரத்தின் தோல் அது. சந்தேகமே இல்லை. அந்த மூலையில் அதற்குப் பிறகு பருத்தி மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த நாம் இருவரும், அவர்கள் இருவரும் வெளியூர் வேலைக்குப் போய்விட, சுந்தரபாண்டியத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டோம். மக்காச்சோளத்தில் எனக்குப் பயம் படைப்புழு இல்லை, மேலுரம்தான். விதைத்து இருபத்தைந்தாம் நாள் ஒரு தடவை, நாற்பத்தைந்தாம் நாள் ஒரு தடவை போட வேண்டும். இரண்டாவது தடவை பயிர் இடுப்புக்கு மேல் நிற்கும். யூரியாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் தோகை கழுத்தையும் கையையும் அறுக்கும். போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் பாதி ஓடையோடு போய்விடும்.

அந்த வருடம் உங்களுக்கு மதுரையில் ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். விதைத்து இருபதாம் நாள் போய்ச் சேர வேண்டும். நானும் உங்கள் மகளும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மேலுரம் போட ஆள் கிடையாது. இந்த வருடம் நிலத்தைச் சும்மா போட்டுவிடலாம் என்றேன். நீங்களோ மறுநாள் ராஜபாளையத்துக்குப் போய் ஒரு மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள்.

"மெல்ல மெல்லக் கரையுற உரமாம்டி. விதைக்கும்போதே ஒருக்க போட்டாப் போதும், மூணு மாசத்துக்குத் தீனி இருக்கு. பொறவு நாம எட்டிப் பாக்க வேண்டாம்."

"அம்புட்டையும் ஒரேயடியா போட்டா மழை கொண்டுட்டுப் போயிராதா?"

"மேல தோலு இருக்குல்லா. மண்ணுல ஈரம் ஏற ஏறத்தான் உள்ள இருக்கது கசியும். பயிரு கேக்கக் கேக்கக் குடுக்கும்."

என் குணம் உங்களுக்குத் தெரியும். நல்லெண்ணெய் வாங்கினாலும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் பாட்டிலை உள்ளே வைக்க மாட்டேன். நீங்கள் தூங்கிய பிறகு ஒரு பிடி உரத்தை டம்ளர் தண்ணீரில் போட்டேன். நல்ல யூரியா என்றால் கலக்கக் கலக்கக் கரைந்துவிடும், டம்ளர் ஜில்லென்று ஆகும். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். இதுவோ அடியில் கிடந்து என்னைப் பார்த்தது. கரையவும் இல்லை, டம்ளர் குளிரவும் இல்லை. அக்காவை நன்றாக ஏமாற்றி அனுப்பியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆப்பரேஷனுக்குப் போகிறவரிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் நீங்கள் மடவார் வளாகத்துக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு படி உரத்தைத் துவைக்கிற கல்லில் கொட்டி நுணுக்கினேன். நுணுக்கியதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டேன். உடனே கரைந்தது, டம்ளர் ஜில்லென்று ஆனது. மருந்து கண்டுபிடித்த டாக்டர் மாதிரி எனக்குப் பெருமை. கை வலித்திருக்காவிட்டால் மூட்டை முழுவதையும் நுணுக்கியிருப்பேன்.

விதைத்த அன்று நீங்கள் வயிற்றில் வலியை வைத்துக்கொண்டே வரிசை வரிசையாக உட்கார்ந்து நகர்ந்தீர்கள். விதைக்கு நாலு விரல் தள்ளி, நாலு விரல் ஆழத்தில் உரத்தை வைத்து மண்ணை மூடினீர்கள். கிணற்றோர எட்டு வரிசைக்கு மட்டும் நான் முந்திக்கொண்டு என் பொடியைப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த எட்டு வரிசையில் முளைத்ததில் பாதி கருகிக் கிடந்தது. மீதி நிலம் முழுவதும் பச்சை. மூன்று மாதச் சோற்றைப் பச்சைப் பிள்ளைக்கு ஒரே வாயில் ஊட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. நீங்கள் கேட்டதற்கு, மயில் கொத்திவிட்டது என்றேன்.

மதுரைக்குப் போன மூன்றாம் நாள் போன் செய்தீர்கள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏட்டி, மயிலு எட்டு வரிசைய எண்ணிக் கொத்துமா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர், துவைக்கிற கல், ஒன்றையும் விடவில்லை. பிறகு நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் சிரித்தது கேட்டது.

"செத்த நேரங்கூட உனக்குப் பொறுக்காதே. சரி, போனது போகட்டும். மிச்சத்துல கைய வைக்காத. யூரியா போடுறேன்னு உள்ள போயிராத. நான் வார வரைக்கும் அது பாத்துக்கிடும்."

நீங்கள் வரவில்லை அக்கா. ஆப்பரேஷன் முடிந்து, உடம்பு தேறிவிட்டது என்று சொல்லி, பிறகு முப்பத்தாறாம் நாள் உங்களை வண்டியில் கொண்டுவந்தார்கள். உங்கள் நாளைக்கூடப் பயிரின் நாளை வைத்துத்தான் இன்னும் எண்ணுகிறேன்.

பதினாறு முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் வயலில் கால் வைக்கக்கூடாது. நாற்பத்தைந்தாம் நாள் அதற்குள்ளேயே வந்தது, போனது. நடுவில் மூன்று நாள் விடாத மழை. துக்கம் கேட்க வந்தவர்கள், தங்கள் வயல் சோளத்தில் அடி இலையெல்லாம் மஞ்சள் பிடித்துவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகையின் நடுவே அது மட்டும் காதில் விழுந்தது. நம் சோளம் நீங்கள் கடைசியாகத் தொட்ட பயிர். அதையும் பறிகொடுத்துவிட்டு உங்கள் படத்துக்கு முன் எப்படி நிற்பது என்று நினைத்தேன். வெட்கமாகக்கூட இருந்தது, சாவு வீட்டில் உட்கார்ந்து சோளத்தை நினைக்கிறோமே என்று.

பதினேழாம் நாள் விடிந்ததும் ஒரு வாளி யூரியாவோடு ஓடினேன். பக்கத்து நிலங்கள் வெளிறிக் கிடந்தன. அவற்றைத் தாண்டி நம் வரப்பில் ஏறியவள் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். கரும்பச்சை அக்கா. என் தலைக்கு மேலே கரும்பச்சை. குனிந்து குனிந்து அடி இலைகளைத் தேடினேன், மஞ்சள் இல்லை. நுனியில் பூ வெளியே வந்திருந்தது. ஆள் போகவில்லை, ஒரு பிடி உரம் கூடுதலாக விழவில்லை, அத்தனை மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. யார் இதற்குச் சோறு போட்டது?

உட்கார்ந்து ஒரு சோளத் தட்டையின் பக்கத்தில் நாலு விரல் தோண்டினேன். நீங்கள் வைத்த இடத்தில் நீங்கள் வைத்தபடியே உருண்டைகள் இருந்தன. ஒன்றை நசுக்கினால் தண்ணீர் மட்டும் வந்தது. அடுத்ததில் வெள்ளையாக இன்னும் பாதி மிச்சம் இருந்தது. நீங்கள் போய்ப் பதினேழு நாள் ஆகியும் உங்கள் கை பயிருக்கு ஊட்டிக்கொண்டுதான் இருந்தது. குழியை மூடினேன். யூரியா வாளியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வாழ்க்கையில் நான் உங்கள் பேச்சை முழுசாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் உங்கள் மகள் ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தாள். துணிக்கு நடுவே மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் பத்து உருண்டை. ஜன்னலில் வைத்துத் தினமும் எட்டிப் பார்ப்பீர்களாம். "ஒங்க சித்திக்கு இதக் காட்டணும், அவ கண்ணால பாத்தாத்தான் நம்புவா" என்பீர்களாம்.

அந்த வருடம் கதிர் நுனி வரை மணி பிடித்திருந்தது. கிணற்றோர எட்டு வரிசையில் மட்டும் எண்ணி ஒரு கூடை. அதை விற்கவில்லை. சுட்டு நானும் உங்கள் மகளும் தின்றோம்.

இந்தத் தோல் மக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். நாளாகும் என்றார். மண்ணுக்கு அது நல்லதா கெட்டதா என்று உங்களோடு சண்டை பிடிக்க ஆசையாக இருக்கிறது. காலையில் கிடைத்தவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் விதைப்பு. மூட்டை வந்துவிட்டது. உங்கள் டம்ளரில் பத்து உருண்டை போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறேன். போகும்போதும் வரும்போதும் டம்ளரைத் தொட்டுப் பார்க்கிறேன், பழைய புத்தி. இன்னும் குளிரவில்லை. குளிர வேண்டாம் அக்கா, நான் பொறுத்துக்கொள்கிறேன்.